நாலேமுக்கால் பஸ்ஸில் மஸ்கட்டுக்கு

மஸ்கட்டுக்கு விமானத்தில் நான்கு மணி நேரம்தான். அந்த நான்கு மணி நேரத்துக்குத் தயாராவதற்காக ஒட்டன்சத்திரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் நான் ஒரு வாரம் அலைந்தேன். பயணம் எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

என் கணவர் பிரிட்டோ மஸ்கட்டில் ஏசி பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறார். அவர் போனபோது எங்கள் மகள் ஜெசிக்கு ஒன்றேகால் வயது. இப்போது மூன்று முடிந்துவிட்டது. இடையில் அவள் அப்பாவைப் பார்த்ததெல்லாம் செல்போனில். குடும்ப விசா வந்ததும் பிரிட்டோ சந்தோஷத்தில் என்னென்னவோ பேசினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அமலா, நேர்ல பாத்ததும் அவ அழுதுருவாளோ?" என்று கேட்டார். "சேச்சே" என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை.

காரணம் உண்டு. தூக்கம் கெட்ட ஜெசி வேறு பிள்ளை. போன வருடம் ஒரு ஞானஸ்நான விருந்தில் மதியத் தூக்கம் தப்பிப்போய், மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு, கூப்பிட வந்த தன் ஞானத்தகப்பனாரின் விரலைக் கடித்து வைத்தாள். எங்கள் விமானம் மதியம் கிளம்பி மாலையில் இறங்குவது. அவள் நடுவில் தூங்காமல் போய்ச் சேர்ந்தால், இரண்டு வருடம் காத்திருந்த மனிதருக்கு அந்த மேசைக்கடி ஜெசிதான் கிடைப்பாள்.

அவள் நன்றாகத் தூங்கும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஒட்டன்சத்திரத்தில் நான் வேலை பார்த்த பள்ளியிலேயே அவளும் பாலர் வகுப்பில் இருந்தாள். சாயங்காலம் இருவரும் நாலேமுக்கால் பஸ்ஸில் திண்டுக்கல் திரும்புவோம். தனியார் பஸ். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் யாரும் பெயர் சொல்வதில்லை. நேரத்தைச் சொன்னால் போதும். டிரைவர் செல்வராசு அண்ணன் பாட்டைப் போட்டு, காய்கறி மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் ஜெசி என் மடியில் சாய்ந்திருப்பாள். பழனி ரோட்டில் நாங்கள் இறங்கும் சர்ச் ஸ்டாப் வரை அசைய மாட்டாள். பஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் தூக்கமே கிடையாது.

திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினேன். பிரிட்டோ ஒரு நண்பர் மூலம் டேப்லெட் கொடுத்தனுப்பியிருந்தார். படித்தவள் என்ற கர்வம் எனக்கு. விமான நேரம் வீணாகக் கூடாது என்று ஒரு செயலியில் நாற்பது ஆங்கிலக் குழந்தைப் பாடல்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் விழுந்தது. திருப்தியாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஃபிளைட் மோடில் போட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டும் பாடவில்லை. 'இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்' என்று நாற்பது முறையும் பொறுமையாகச் சொன்னது. நான் பார்த்த டிக், பட்டியலில் சேர்த்ததற்கு. இறக்கி வைத்ததற்கு வேறொரு அம்புக்குறியாம். முன்கூட்டியே சோதித்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டு, மறுபடியும் எல்லாவற்றையும் இறக்கினேன். முதல் பாட்டிலேயே ஜெசி காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கினாள்.

"இது வேணாம். பஸ்ஸு பாட்டு."

பஸ் பாட்டையே டேப்லெட்டில் ஏற்றிவிடும் யோசனை அப்படித்தான் வந்தது. எனக்கு வந்த யோசனை என்று பிரிட்டோவிடம் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கண்டக்டர் பாண்டியிடம் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினேன். பாண்டிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"டீச்சர், பாட்டெல்லாம் பென்டிரைவுல கெடக்கு. ஆனா அது அண்ணன் சொத்து. வண்டியக் கேளுங்க, சாவியக் குடுத்துருவாரு. பென்டிரைவக் கேட்டா யோசிப்பாரு."

முன்னாலிருந்து செல்வராசு அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஏலே, சும்மா இருடா. எதுக்கு டீச்சர் பாட்டு?"

சொன்னேன். பிளேன், மஸ்கட், தூக்கம், கடி, எல்லாம். வழியில் ரெட்டியார்சத்திரம் தாண்டும் வரை அவர் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். கோபித்துக்கொண்டார் என்று பயந்துவிட்டேன். இறங்கும்போது சொன்னார்: "பஸ் ஸ்டாண்டுக்குள்ள செல் கடை இருக்குல்ல, அங்க போயி நாலேமுக்காலுன்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

புதன்கிழமை பள்ளி விட்டதும் போனேன். ஒட்டன்சத்திரம் பஸ் நிலையத்தில் நான்கு மணிக்குத் தக்காளி வாசனையும் டீசல் வாசனையும் ஒன்றாக வரும். ஒரு ஓரத்தில் ஆயக்குடிக் கொய்யா குவித்திருந்தார்கள். ஜெசிக்கு ஒன்று வாங்கினேன். மிளகாய்ப்பொடி வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லியும் தடவித்தான் கொடுத்தார்கள். அவள் கண்ணில் நீர் வழிய வழியத் தின்றாள். விக்கல் வந்துவிடுமோ, வயிறு கெட்டுவிடுமோ என்று நான்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

செல் கடை ஓர் ஆள் நிற்கும் அகலம். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், செல்லுக்கு டெம்பர் கிளாஸுங்களா?" என்றார்.

"இல்லைங்க, பாட்டு ஏத்தணும். நாலேமுக்கால்."

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வரிசை வரிசையாக ஃபோல்டர்கள். அஞ்சரை, ஆறு பத்து, எட்டே கால், பன்னெண்டு தாராபுரம், நாலேமுக்கால். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு ஃபோல்டர்.

"பாட்டு ஆளுக்கில்லீங்க, நேரத்துக்கு. அஞ்சரைக்கு முருகன் பாட்டு. எட்டே காலுக்கு காலேஜுப் புள்ளைங்க, குத்துப் பாட்டு இல்லீன்னா ஏற மாட்டாங்க. நாலேமுக்காலுக்கு மார்க்கெட் சனம், டீச்சருங்க, நர்சுங்க, எல்லாம் அலுத்துப் போயி வருவாங்க. அவங்களுக்குத் தபேலா சத்தங்கூட அடக்கமா இருக்கோணும். செல்வராசு அண்ணன் ரெண்டு வருசமா ஒண்ணொண்ணாச் சொல்லிச் சொல்லிக் கோர்த்ததுங்க இது."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தினமும் அந்தப் பஸ்ஸில் கால் நீட்டி உட்கார்ந்தவள் நான். என் அலுப்பை ஒருவர் கணக்கில் வைத்துப் பாட்டு அடுக்கியிருக்கிறார் என்று தெரியாது.

மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தார். டேப்லெட் எழுத்து வரிசைப்படி பாடிவிடும் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எண் போட்டு, பஸ்ஸில் வரும் அதே வரிசையில் வைத்தார். "பாப்பா ஆறாவது பாட்டுக்கு அசந்துருவாளுங்க. எங்கூட்டுப் பொண்ணும் அப்படித்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து, மின்விசிறி போட்டு, ஜன்னலைச் சாத்தி, மடியில் கிடத்திப் பாட்டைப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது பாட்டில் ஜெசி எழுந்து உட்கார்ந்தாள்.

"பாண்டி மாமா எங்க?"

"மாமா பஸ்ஸில இருக்காரு."

"விசிலு எங்க?"

பாட்டை நிறுத்தினேன். அவள் தூங்கியது பாட்டுக்கு மட்டுமல்ல. விசில், ஹாரன், கியர் மாற்றும் முனகல், 'உள்ள போ, உள்ள போ, நடுவுல எம்புட்டு எடம் கெடக்கு' என்ற சத்தம், எல்லாம் சேர்ந்துதான் அவளுடைய தாலாட்டு. இவ்வளவு நாள் அமைதியான அறைதான் குழந்தைக்கு நல்லது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

ஆக, பஸ்ஸையே பதிவு செய்ய வேண்டும்.

இப்போது மஸ்கட்டில் பஸ்ஸில் போகும்போது அதை நினைத்துக்கொள்கிறேன். இங்கே பஸ் வழவழவென்று வருகிறது. கதவு தானாகத் திறக்கிறது. அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒரு பெண் குரல் இரண்டு மொழிகளில் சொல்கிறது. யாரும் யாரையும் உள்ளே போகச் சொல்வதில்லை. நல்ல பஸ்தான். பதிவு செய்ய அதில் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை செய்த தவறு, பாண்டியிடம் முன்கூட்டியே சொன்னது. ஒருவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது, அனுமதி கேட்பதுதான் முறை என்று நினைத்தேன். பாண்டி விசிலை ஊதி நிறுத்தி, மொத்த பஸ்ஸுக்கும் அறிவித்துவிட்டார்: "டீச்சர் வெளிநாடு போறாங்க. நம்ம வண்டிய ரெக்கார்டு பண்றாங்க. எல்லாரும் செத்த நேரம் ஒழுங்காப் பேசுங்க!"

எல்லோரும் ஒழுங்காகப் பேச ஆரம்பித்தார்கள். டேப்லெட்டின் பக்கத்தில் வந்து, ஒவ்வொருவராக.

பூக்கூடையோடு வரும் சரசக்கா முதல் ஆள். "தம்பி பிரிட்டோ, நல்லாருக்கியாப்பா? ஒம் பொண்டாட்டி பாவம், ரெம்ப பயந்தவ. பாத்து வச்சுக்க." பிரிட்டோவை அவர் பார்த்ததே இல்லை.

கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல்: "மஸ்கட்ல வேல இருந்தா சொல்லுங்கண்ணே! பெயிண்டிங்!"

"ஏலே, ஒனக்கு இங்க அடிக்கவே பிரஷ்ஷு பிடிக்கத் தெரியாது. அங்க போயி ஊர் மானத்த வாங்காத" என்றார் அவர் பக்கத்தில் இருந்தவர்.

ஜெசி அன்று தூங்கவே இல்லை. எல்லோருக்கும் அவளைத்தான் பேச வைக்க வேண்டியிருந்தது. போதாததற்கு ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் பின் டயர் பஞ்சர். எல்லோரும் கீழே இறங்கி வேலி ஓரம் நின்றோம். முருங்கைத் தோட்டத்துக்காரர் ஒருவர் தண்ணீர் கொடுத்தார். கொதிக்க வைத்த தண்ணீராக இருக்காதே என்று யோசித்து, வாங்காமல் இருந்தால் தவறாக நினைப்பாரே என்றும் யோசித்து, வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஜெசி பிடுங்கிக் குடித்துவிட்டாள். வீட்டில் கேட்டால், பதிவில் பாதி நலம் விசாரிப்பு, மீதி ஜாக்கி ஏறும் கிறீச் சத்தம்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பள்ளியில் கடைசி நாள். அதற்குப் பிறகு நாலேமுக்கால் பஸ் கிடையாது. அன்று தவறினால் ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் வெறும் கையோடு ஏற வேண்டியதுதான். இந்த முறை ஒருவரிடமும் சொல்லவில்லை. டேப்லெட்டை டிபன் பையில், பாத்திரத்துக்கு மேலே, பையின் வாய் திறந்திருக்கும்படி வைத்து, ஏறுவதற்கு முன்பே பொத்தானை அழுத்திவிட்டேன். திருட்டு வேலை செய்கிற மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு ஏறினேன்.

"என்ன டீச்சர், இன்னிக்கு ரெக்கார்டு இல்லியா?" என்றார் பாண்டி.

"இல்ல பாண்டி. அது சரியா வரல."

பொய் சொன்னதற்கு மனதுக்குள் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொண்டேன். செல்வராசு அண்ணன் வண்டியை எடுத்தார். பாட்டு வந்தது. ஒரு பெரியவர் முருங்கைக்காய் மூட்டையோடு ஏற, "லக்கேஜ் போடணும்" என்று பாண்டி சொல்ல, "இதென்ன மூட்டையா, கொழம்புக்கும் வெஞ்சனத்துக்கும் கொண்டு போறேன்" என்று அவர் சண்டை பிடிக்க, "அம்புட்டு வெஞ்சனமா? வீட்டுல கல்யாணமா?" என்று பாண்டி கேட்க, பஸ் முழுவதும் சிரித்தது. மார்க்கெட் தாண்டவில்லை, ஜெசி தூங்கிவிட்டாள். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அந்த ஒரு மணி நேரமும் பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எல்லாரிடமும் ஒழுங்காகப் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட முடியவில்லை. இறங்கிய பிறகு ரோட்டோரம் நின்று கையை மட்டும் ஆட்டினேன். செல்வராசு அண்ணன் ஒருமுறைக்கு இருமுறை ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சோதனை. ஃபிளைட் மோடில் போட்டேன். சார்ஜ் நூறு. இயர்போனை ஜெசியின் காதில் வைத்துப் பதிவை ஓடவிட்டேன். முருங்கைக்காய்ச் சண்டை வரும்போது அவள் வாய் லேசாகத் திறந்துகொண்டது. தூங்கிவிட்டாள். நான் சமையலறைக்கு ஓடிப்போய் அழுதேன் என்று சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைப்பார்கள். கண் மட்டும்தான் கலங்கியது. பேட்டரி வீணாகக் கூடாது என்று உடனே நிறுத்திவிட்டு, அதே பதிவை மெமரி கார்டில் ஒன்று, டேப்லெட்டில் ஒன்று, என் செல்போனில் ஒன்று என்று மூன்று இடத்தில் சேமித்தேன். இதற்கு மேல் ஒரு மனுஷி எச்சரிக்கையாக இருக்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கிளம்பினோம். விமானத்தில் எங்களுக்கு நடு சீட்டும் நடைபாதை ஓர சீட்டும். ஜன்னல் பக்கம் வேடசந்தூர்க்காரர் ஒருவர், கொத்தனார், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிறார். ஜன்னலை ஜெசிக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். கீழே பார்த்துப் பயந்துவிடுவாளோ என்று வேண்டாம் என்றேன். பயந்தது நான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

சாப்பாடு வந்தது. எலுமிச்சைச் சாதம் என்று சொன்னார்கள். மஞ்சளாக இருந்தது, அவ்வளவுதான். ஜெசி பன்னை மட்டும் பிய்த்துத் தின்றாள். தட்டுகளை எடுத்துப் போனதும் இயர்போனை வைத்தேன். விசில், ஹாரன், பாட்டு. அவள் கண் சொருகியது. தலை என் மடிக்கு வந்தது. ஒரு பஸ் முழுவதையும் கடலுக்கு மேலே கொண்டு வந்துவிட்டேன். இரண்டு வருடத்தில் முதல் முறையாக, எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டேன் என்று தோன்றியது.

ஒரு மணி நேரம் தூங்கியிருப்பாள். திடீரென்று சுவிட்ச் போட்டது போல எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டினாள். செருப்பைத் தேடினாள்.

"அம்மா, எந்திரி. எறங்கணும்."

"எங்கடா எறங்கறது?"

"சர்ச் ஸ்டாப்பு வந்துருச்சு!"

இயர்போனைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். பாண்டியின் குரல் கணீரென்று: "சர்ச் ஸ்டாப் எறங்கு! டீச்சர், பாப்பாவ எழுப்புங்க, எழுப்புங்க! அண்ணே, டீச்சர் எறங்கறாங்க, ஹோல்டேன்!"

பதிவை நான் முழுதாகக் கேட்கவே இல்லை. தூங்கியதும் நிறுத்தியவள். அவள் எழுவதும் அதே சத்தத்தில்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்று இடத்தில் சேமித்திருந்தேன். மூன்றிலும் பாண்டி எங்களை இறக்கிவிடக் காத்திருந்தார்.

ஜெசி நடைபாதையில் இறங்கிவிட்டாள். நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் பணிப்பெண் வந்துவிட்டார். குழந்தைக்கு என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பஸ்ஸைவிட்டு இறங்க வேண்டுமாம்" என்று நானும் ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "இப்போது முடியாது" என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

ஜெசியின் கீழுதடு பிதுங்கியது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி. பிரிட்டோவின் முகம் கண் முன்னால் வந்தது. அப்போது வேடசந்தூர்க்காரர் குனிந்து அவளிடம், "அப்பு, ஸ்டாப்பத் தாண்டிருச்சு. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கலாம், என்ன? இது எந்த வண்டி?" என்றார்.

"நாலேமுக்கா."

"பழனி ரோட்டு வண்டியா? நெசமாவா? குடு, கேப்போம்."

அவர் ஓர் இயர்போனைத் தன் காதில் வைத்துக்கொண்டார். மற்றதை ஜெசி காதில் வைத்தார். நான் பதிவை முதலிலிருந்து போட்டேன். அவர் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். ஜெசிக்குப் பெருமை தாங்கவில்லை. அது அவளுடைய பஸ்.

"மாமா, இப்பப் பாரு, விசிலு வரும்."

"அட, ஆமா!"

"இப்ப அந்தத் தாத்தா வைவாரு."

"எதுக்கு வையிறாரு?"

"முருங்கைக்காயி. நெறைய."

"சின்ன டீச்சர், இப்ப எந்த ஊரு?"

"ரெட்டியார்சத்திரம். உள்ள போ, உள்ள போ."

நானும் ஜெசியும் இடம் மாறிக்கொண்டோம். நான் ஓரத்துக்கு வந்தேன். அவர்கள் இருவருக்கும் நடுவில் டேப்லெட். அவள் குடிக்கத் தண்ணீர், அவளுக்கு எடுத்து வைத்த மாற்று உடை, வாந்திப் பை, பிஸ்கட், எல்லாம் என் காலடியில் தயாராக இருந்தன. ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் இனிமேல் தூங்க மாட்டாள், போய் இறங்கியதும் என்ன ஆகப்போகிறதோ என்று நினைத்துக்கொண்டே, ஐந்து நிமிடம் கண்ணை மட்டும் மூடலாம் என்று மூடினேன்.

யாரோ என் தோளை உலுக்கினார்கள். சின்னக் கை. விமானம் நின்றிருந்தது. எல்லோரும் மேலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிம்மா" என்றாள் ஜெசி, கழுத்தில் தண்ணீர் பாட்டிலோடு. "எல்லாரும் எறங்கிட்டாங்க."

வேடசந்தூர்க்காரர் டேப்லெட்டை என் கையில் கொடுத்தார். "ரெண்டு தரம் போயிட்டு வந்துட்டோம்மா, ஒட்டன்சத்திரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும். ஒங்கள எழுப்ப வேணாம்னு பாப்பாதான் சொல்லுச்சு" என்றார்.

வெளியே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பிரிட்டோ நின்றிருந்தார். செல்போனில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். இரண்டு கைகளையும் நீட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதியிலேயே நிறுத்தியிருந்தார். நான் ஜெசியின் கையை இறுகப் பிடித்தேன். அவள் அதை உதறிவிட்டு நடந்தாள். நேராக அவர் முன்னால் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, புகார் சொன்னாள்.

"அப்பா, அம்மா தூங்கிருச்சு. நாந்தேன் எழுப்பி எறக்கிக் கூட்டியாந்தேன்."